ஒரு முழம் தள்ளி

மணவாளக்குறிச்சியில் கார் வைத்திருப்பது
கடலிடம் கடன்பட்டிருப்பது.
ராத்திரிக் காற்று வந்து
கண்ணாடியில் உப்புத் தடவி
அன்றைய வட்டியைக் குறித்துவிட்டுப் போகும்.
காலையில் தக்கலைக்கு வேலைக்குப் போகிற வழியில்
எப்போதும் ஒரு மீன்லாரி எனக்கு முன்னால்.
பின்கதவின் இடுக்கில் ஐஸ்வெள்ளம் ஒழுகி
ஆபீஸ் வாசல்வரை
என் பம்பரில் சாளை நாறும்.

கழுவத்தான் வேண்டும்.
எதைக்கொண்டு என்பதில்தான்
எங்கள் தெரு இரண்டு கட்சி.

மேலவீட்டு வேலப்பன் அண்ணனுக்கு
இரண்டு வாளி வெள்ளம், ஒரு கை ஷாம்பு, பழைய பனியன்.
"மெஷினா? பெயிண்டு பறந்து
பக்கத்துவீட்டுக் கொடியில காயும்."

ஒர்க்ஷாப் றெஜி சிரித்தான்.
"ஒட்டியிருக்கது கறுமணலாக்கும்.
துணியில சிக்கினா அதுதான் உப்புத்தாள்.
முதல்ல வெள்ளம் அடிச்சு மணலை எறக்கணும்.
அடியில, வீல் பக்கம், தைரியமா அடிக்கலாம்.
துருவுக்கு அங்கதான் குடித்தனம்."
பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும்:
"எடது பின்கதவு ஒரு முழம் தள்ளி."

தோகாவிலிருந்து தம்பி அன்சலம் வந்தான்.
பெட்டியில் பாதி சாக்லேட்,
பாதி மஞ்சள் மெஷின்.
"நூத்தி இருபது பார்" என்றான்,
பரீட்சை மார்க் சொல்வதுபோல.
ஞாயிறு பூசை முடிந்ததும்
காம்பவுண்டுச் சுவரில் பரிசோதனை.
மூன்று வருசப் பாசியில்
ஒரே இழுப்பில் 'அ' எழுதினான்.
பாசி போயிற்று, சுண்ணாம்பு போயிற்று,
செங்கல் சிவப்பாய் விழித்துப் பார்த்தது.
இனி அந்த எழுத்தை அழிக்க
சுவர் முழுவதும் கழுவ வேண்டும்.

"வாளி போதும்டா" என்றேன்.
"ஏன்க்கா, பயமா?"
பயம்தான்.
பத்திரப்பதிவு ஆபீசில் உட்கார்ந்து
ஊரார் சொத்துக்கெல்லாம்
வில்லங்கம் பார்த்துக் கொடுப்பவள் நான்.

அடியில் அடித்தான். சேறும் மணலும்
கறுப்புக் கஞ்சியாய் வடிந்தன.
பானட்டில் சக்கைப் பிசின் மட்டும் அசையவில்லை,
அதற்குத் தேங்கெண்ணெயும் பொறுமையும்தான் என்று
வேலப்பன் அண்ணன் மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து
ஒரு பாயின்ட் எடுத்தார்.
அப்புறம் இடது பக்கம் திரும்பினான்.
ஒரு சாண்கூட இல்லை.

முதலில் ஒரு கொப்புளம்.
பிறகு நீலம் தோசைபோல் சுருண்டு எழுந்தது.
அடியில் வெளிறிய புட்டி, உள்ளங்கை அகலம்,
அதற்கும் அடியில் நசுங்கிய தகரம்.

மெஷினை நிறுத்தினான்.
சொட்டுகிற சத்தம் மட்டும்.
"ஒன்னை ஏமாத்திட்டான்க்கா,
மார்த்தாண்டத்துக்காரன்.
இடிச்ச வண்டியப் பூசி வித்திருக்கான்.
எடு சாவியை. இன்னைக்கே போய்க் கேக்கணும்."
மதிலுக்கு அந்தப்பக்கமும் ஆமோதித்தது.
றெஜி மட்டும் எதிர்ச்சாரியில் நின்று
கையிலிருந்த ஸ்பேனரை
புதிதாய்ப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஈரம் காயாத வண்டியை நானே ஓட்டினேன்.
வழியெல்லாம் அன்சலம்
கேட்கவேண்டிய கேள்விகளை ஒத்திகை பார்த்தான்.
விற்றவர் பெயர் தங்கநாடான்.
சாவியோடு ஒரு தார் ரசகதலியும் தந்தனுப்பியவர்.

திங்கள்சந்தை வளைவில்
பெட்டிக்கடைக்குப் பக்கத்தில் ஒரு கல்தூண்.
சாரல் ஒன்று, ஐப்பசி மழை இரண்டு
அதன்மேல் பெய்துபோயிருக்கின்றன.
முழங்கால் உயரத்தில் ஒரு நீலக்கீறல்
இன்னும் அப்படியே.

ஓரமாய் நிறுத்தி, என்ஜினை அணைத்தேன்.
"அன்சலம்,
அந்தத் தூணை ஒருக்கப் பாரு."